துரைக்காகக் காத்து நின்ற மேகம்

சங்குமேட்டில் அந்த வருடம் ஐப்பசி பிறந்த பிறகும் மழை இறங்காததற்குக் காரணம் செல்லக்கனியின் நாய் துரை வெளிக்குப் போகாததுதான் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வானிலை அறிக்கையில் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்ட வெளியூர்க்காரர்களுக்கு, அறிக்கை வாசிக்கிறவர் சங்குமேட்டுக்கு வந்து துரையைப் பார்த்தாரா என்ன என்று பதில் கிடைத்தது. கிழக்கே கடல், கடலை ஒட்டி உப்பளம், உப்பளத்துக்கு மேற்கே கரிசல் காடு, இரண்டுக்கும் நடுவில் ஊர். அந்த ஊருக்கு நேர் மேலே கன்னங்கரேலென்று ஒரு மேகம் வந்து நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பக்கத்து ஊர்களில் எல்லாம் பெய்து வாய்க்கால் ஓடிற்று. சங்குமேட்டின் எல்லைக்கல் வரை தார் ரோடு நனைந்து கிடக்க, கல்லுக்கு இந்தப் பக்கம் புழுதி பறந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் கல்லைத் தாண்டியதும் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் எஸ்தர். செல்லக்கனியும் அவளும் ஒரே அளத்தில் உப்பு வாருகிறவர்கள், பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. பாதி ராஜபாளையமும் மீதி யாரென்று அதற்கே தெரியாத ரகமுமான துரை, குட்டியாக உப்பு லாரியில் ஏறி வந்த நாளிலிருந்து, விடியற்காலையில் செல்லக்கனியோடு அளத்துக்கு வந்து, வரப்போரம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, காரியத்தை முடித்து, பின்னங்காலால் மண்ணைத் தள்ளிவிட்டு வீட்டுக்குத் திரும்புவது வழக்கம். அந்த ஐப்பசியில் சுற்றியது, குந்தியது, முதுகை வில்லாக வளைத்தது, தொடை நடுங்க நின்றது, ஒன்றும் வரவில்லை. அது முக்கும்போதெல்லாம் மேலே மேகம் ஒரு சுற்றுக் கறுத்து அடிவயிற்றில் உறுமியது. அது சலித்துப்போய் எழுந்தவுடன் மேகமும் வெளுத்து, மூச்சு விட்டதுபோல ஒரு வெக்கைக் காற்றை இறக்கியது.

"ஏட்டி செல்லம்," என்றாள் எஸ்தர், உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு. "ஒன் நாயி முக்குனா மேலயும் முக்குதுட்டி."

"போட்டி அங்கிட்டு," என்றாள் செல்லக்கனி. ஆனாலும் அண்ணாந்து பார்த்தாள்.

அடுத்து ஒரு நாள் சாயங்காலம் துரை அரும்பாடு பட்டு, சாக்பீஸ் துண்டு போல வெளுத்துக் காய்ந்த ஒன்றை, புளியங்கொட்டை அளவுக்கு, வெளியேற்றியது. அதே நிமிடம் ஊரின்மேல் ஒரு கை நீரைத் தெளித்தது போலத் தூறல் விழுந்தது. டீக்கடைக் கொடியில் காய்ந்த வேட்டி ஒன்றும், கோயில் மணியின் ஒரு பக்கமும் நனைந்தன, அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் விவாதிக்கவில்லை. விவாதிக்க என்ன இருக்கிறது?

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் பற்றிச் சொல்ல வேண்டும். "சாப்ட்டாச்சா" என்று கேட்டுப் பழகிய சனம் "போச்சா?" என்று கேட்க ஆரம்பித்தது, "எங்க?" என்று பதில் சொல்லிவிட்டு நடந்தது. வத்தல் காயப்போடுகிற பெண்கள் வானத்தைப் பார்க்காமல் செல்லக்கனியின் வீட்டு வாசலைப் பார்த்து, துரை கவிழ்ந்து படுத்திருந்தால் தைரியமாகப் பாயை விரித்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, தேதிக்குள் துரை போய்விடுமா, பந்தலுக்குத் தகரம் போடுவதா ஓலை போடுவதா என்று அவளிடமே யோசனை கேட்டார்கள். கோயில் பூசாரியும் மாதா கோயில் சாமியாரும், நாயின் பெயரைச் சொல்லி வேண்டுவது மரியாதையில்லை என்று நினைத்து, "அடைபட்டுக் கிடக்கிறவர்கள் அனைவருக்காகவும்" என்று பொதுவாக வேண்டிக்கொண்டார்கள். கேட்ட பெரியவர்களில் சிலர் அது தங்களுக்காகவே என்று எடுத்துக்கொண்டு மனம் உருகினார்கள். செல்லக்கனிக்கு மட்டும் இதில் ஒன்றும் சிரிப்பாக இல்லை. நாய் அவளுடையது, வலி நாயினுடையது. ஊருக்கு அது மழை சமாச்சாரம், அவளுக்கு அது பிள்ளை சமாச்சாரம்.

வந்தது வினை எங்கே என்றால், மழை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே ஊரில் குடியிருந்ததில்தான். மேற்கே கரிசலில் வெள்ளத்தாய் முதலான சம்சாரிகள் மழை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் புழுதியிலேயே உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு, விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே அளத்திலோ மழை விழுந்தால் பாத்தி முழுகும், பிறகு தை வரைக்கும் வேலை கிடையாது. வெயில் நீடிக்கிற ஒவ்வொரு நாளும் கூடுதலாக ஒரு அடுப்பு எரியும். ஆகவே இரண்டு தரப்பும் துரையைப் பார்க்க வந்தன, வெறுங்கையோடு வரவில்லை.

வெள்ளத்தாய் ஒரு பரங்கிக்காயை இடுப்பில் ஏந்தி வந்தாள், கூடவே பப்பாளி, வாழைப்பழம், ஒரு சீசா விளக்கெண்ணெய். "மதினி, இத ஒரு கரண்டி மூக்கப் பிடிச்சு ஊத்திருங்க. எங்க வீட்டுக் காளைக்கே நான் இதான் ஊத்துவேன்," என்றாள். அளத்துக் கங்காணி சூசை, வேலைக்காரர்களை மேய்க்கிற வாயை வீட்டில் வைத்துவிட்டு, இனிமையான வேறொரு வாயோடு வந்தார். கையில் கறிக்கடைப் பொட்டலம், அதில் ஆட்டெலும்பு. "பாவம், வாயில்லாச் சீவன், வாய்க்கு ருசியா எதையாவது கடிக்கட்டுமே," என்றார். அவர் ஒரு உயிருக்கு இப்படி இரக்கப்பட்டதைச் செல்லக்கனி அதற்கு முன் பார்த்ததில்லை. எலும்பைக் கூரையில் சொருகிவைத்துவிட்டு, பரங்கிக்காயை மட்டும் வேகவைத்துப் பிசைந்து வைத்தாள். துரை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

போகப் போக அது சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு இறுகி முரசு மாதிரி ஆயிற்று. வாலை ஆட்டவேண்டும் என்ற மரியாதைக்காக ஒரு தரம் ஆட்டிவிட்டு, அதற்கே களைத்துப்போய்க் கண்ணை மூடியது. மேகமும் தாழ்ந்துகொண்டே வந்து செல்போன் கோபுரத்தின் உச்சியை மறைத்தது. மாடி வீட்டுக்காரர்கள் கையை உயர்த்தினால் விரலில் ஈரம் பட்டது, ஆனால் சொட்டாது. செல்லக்கனி அந்த நாயை ஒரு உப்புச் சாக்கில் கிடத்தி, புருஷன் பால்பாண்டி இரவல் வாங்கி ஓட்டி வந்த ஆட்டோவில் அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அவள் தலைக்கு மேலே மேகத்தில் ஒரு துண்டு பிரிந்து ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்தது.

மருத்துவர் ஷகிலா, சிறு பிள்ளையை எழுப்புவது போலத் துரையின் முதுகைத் தடவி, பிறகு வயிற்றை அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"எலும்பு சாப்பிட்டிருக்கானா?"

"இல்லம்மா. நான் ஒண்ணும் குடுக்கல."

"யாரோ குடுத்திருக்காங்க. எலும்பு பொடியாகிச் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்குது. விளக்கெண்ணெய் ஊத்தினீங்களா?"

"ஊத்தச் சொன்னாவ. நான் ஊத்தல."

"நல்ல காரியம் செஞ்சீங்க. அதெல்லாம் நீங்களா ஊத்தக் கூடாது, மூக்குல ஏறிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து." நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள், பின்பக்கம் குழாய் வைத்து மருந்து செலுத்தினாள். ஆஸ்பத்திரிக் கூரையில் மட்டும் சடசடவென்று நாலு சொட்டு விழுந்து நின்றது. மருத்துவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றினாள். "உள்ள இளகியிருக்கு. இனிமே அவனாத்தான் போகணும். நிறையத் தண்ணி வைங்க. வழக்கமா போற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, அவசரப்படுத்தாதீங்க. நாளைக்குள்ள போகலைன்னா திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன்தான். இந்த உடம்புக்கு அது தாங்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

செல்லக்கனி துரையை மடியில் கிடத்திக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் நேரே கூரையைப் பார்த்தாள். சொருகிவைத்த பொட்டலம் இல்லை. கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். கடித்து மிச்சம் வைத்த எலும்புத் துண்டுகள் வந்தன.

பால்பாண்டி வாசற்படியில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தான். அவனும் அதே அளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். துரைக்குத் துரை என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

"நீயா?" என்றாள்.

"மொதல்ல ஆசைக்குத்தான்ட்டி போட்டேன். பிரியாணிக் கடையில மிஞ்சுனது. பொறவு... மழ வரலன்னு ஆனதும், இன்னும் கொஞ்ச நாளு வேல ஓடட்டுமேன்னு. இவ்வளவு ஆவும்னு நெனைக்கல."

"நெனைக்க மாட்ட. அவனா கேட்டான்? நீயா குடுத்த, அவன் நம்பித் தின்னான். நீ கையால போட்டா வெசத்தக்கூட வால ஆட்டிக்கிட்டுத் திம்பான் அவன். அது தெரிஞ்சுதான போட்ட?" பிள்ளை இல்லாத வீட்டில் அந்த நாய்தான் அவள் வருகிற சத்தம் கேட்டு எழுந்து நிற்கிற ஒரே உயிர். அது செத்துப்போனால் அளத்திலிருந்து வீடு திரும்ப அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது என்று தோன்றியது, அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள். பால்பாண்டி அழுதான். அவன் அழுகிறானே என்று துரை கட்டிலடியிலிருந்து தவழ்ந்து வந்து அவன் காலில் தலையை வைத்ததுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் துரையை நடத்திக்கொண்டு அளத்துக்குப் போனாள். ஊருக்குச் சேதி எப்படிப் போயிற்றோ, வரப்பு நெடுக ஆள். மேற்குப் பக்கம் வெள்ளத்தாயின் தலைமையில் சம்சாரிகள், கிழக்குப் பக்கம் சூசையின் தலைமையில் அளத்துக்காரர்கள், நடுவில் எந்தப் பக்கமும் சேராமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களுக்குச் சுண்டல் விற்க வந்தவர். மேகம் ஆள் தலையைத் தொடுகிற உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. துரை தன் இடத்துக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தது. கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு துரையைப் பார்த்தது. அது குந்தியது.

"முக்குலே, முக்கு," என்றாள் வெள்ளத்தாய் பாசத்தோடு.

"அவசரமில்ல தம்பி, நிதானம்," என்றார் சூசை.

துரை எழுந்துகொண்டது. இன்னொரு இடம் பார்த்தது. அங்கேயும் கண்கள். நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தது. நாலா பக்கமும் முகங்கள், அவற்றில் சில செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தன. அது வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு செல்லக்கனியிடம் வந்து, அவள் சேலை மறைவில் நுழையப் பார்த்தது.

அப்போதுதான் செல்லக்கனிக்கு விளங்கியது. மருத்துவருக்கும் தெரியாத, சூசைக்கும் வெள்ளத்தாய்க்கும் தெரியாத ஒன்று, அவளுடைய உடம்புக்குத் தெரிந்திருந்தது. அளம் என்பது என்ன? கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெளேரென்ற தரை, ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது, ஆண்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே ஒரு மிடறு தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள், வெயில் கொளுத்தினாலும் நாக்கை நனைத்துக்கொள்வார்களே தவிரக் குடிக்க மாட்டார்கள், வீடு போய்ச் சேரும்வரை அடக்கிக்கொண்டே உப்பு வாருவார்கள். நாலு தட்டி வைத்து ஒரு மறைவு கட்டிக் கொடுங்கள் என்று ஒவ்வொரு பருவத்திலும் சூசையிடம் கேட்பார்கள். முதலாளியிடம் சொல்கிறேன், அடுத்த பருவம் பார்க்கலாம் என்பார் அவர். என்றைக்காவது ஒருத்திக்குத் தாங்க முடியாமல் போய்விட்டால் மற்றவர்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவளைச் சுற்றி வட்டமாக, அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அதற்கு மறப்பு நிற்பது என்று பெயர். மறப்பு நிற்கிறவள் திரும்பக் கூடாது, பேசக் கூடாது, உள்ளே இருக்கிறவள் தொடும்வரை நகரக் கூடாது.

துரை குட்டியாக இருந்ததிலிருந்து செல்லக்கனி அந்த இடத்தில் அதற்கு முதுகைக் காட்டித்தான் நின்றிருக்கிறாள். அது அவளுக்குப் பழக்கம், யோசித்துச் செய்ததில்லை. மழை துரையிடம் மாட்டிக்கொண்டது தெரிந்த நாள் முதலாக அவளும் திரும்பி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊரோடு சேர்ந்து.

"எஸ்தரு," என்று கூப்பிட்டாள். "மறப்பு நில்லுங்கட்டி."

எஸ்தர் ஒரு கணம் யோசித்தாள். அவள் மேலே பார்த்தாள், பிறகு கரையில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்களைப் பார்த்தாள். அந்த மேகம் அவிழ்ந்தால் தை வரைக்கும் சோற்றுக்கு என்ன வழி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. பிறகு துரையைப் பார்த்தாள். அதன் நடுங்குகிற தொடையைப் பார்த்ததும் அவளுக்கு வேறு யோசனை ஓடவில்லை. பலகையைக் கீழே போட்டாள். அளத்துப் பெண்கள் எல்லாரும், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, வந்து துரையைச் சுற்றி வட்டம் கட்டி, அதற்கு முதுகைக் காட்டி, முந்தானையை விரித்துப் பிடித்து நின்றார்கள்.

"ஏ, என்ன செய்யுதிய?" என்று சூசை பதறினார். "அம்பாரம் ஒண்ணும் மூடல. தார்ப்பாய் குடோன்ல கெடக்கு."

"அப்ப ஓடிப்போயி எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி," என்றாள் எஸ்தர் தன் முன்னால் பார்த்தபடி. "இங்கன நிக்கதா இருந்தா திரும்பி நில்லுங்க."

"நானா?"

"நீங்கதான். ஒங்க கண்ணுதான் அவன ரொம்பக் குத்துது."

வெள்ளத்தாய் முதலில் திரும்பினாள். அவளைப் பார்த்து மேற்குப் பக்கம் முழுவதும் திரும்பியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்கள், சுண்டல்காரர் தள்ளுவண்டியோடு திரும்பினார். பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். சூசை மட்டும் நின்றார். குடோனுக்கு ஓடினால் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், ஓடாமல் நின்றால் ஊரே திரும்பி நிற்கும்போது தான் ஒருவர் மட்டும் ஒரு நாயின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அவரும் திரும்பினார். திரும்பிய பக்கத்தில் அம்பாரங்கள் இருந்தன.

சங்குமேட்டில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. கடைசியாகச் செல்லக்கனி திரும்பினாள். பின்னால் துரை சுற்றுகிற காலடி கேட்டது. அது நின்றது. மேலே மேகம் கறுத்து, கறுத்து, பட்டப்பகலை விளக்கு வைக்கிற நேரமாக்கியது. அவளுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. வாழ்நாளில் தனக்கென்று அவள் எதையும் இவ்வளவு வேண்டிக்கேட்டதில்லை. மழையையோ வேலையையோ நினைக்கவில்லை, அவன் பிழைத்தால் போதும் என்று மட்டும் நினைத்தாள். மேகத்தின் வயிற்றில் நீளமாக ஒரு உறுமல் புரண்டது, பிறகு ஏதோ இளகிக் கொடுத்தது, பிறகு வானம் மொத்தமும் ஒரே வீச்சில் இறங்கியது.

கொட்டியது என்றால் அப்படிக் கொட்டியது. பாத்திகள் நிரம்பி ஒன்றோடொன்று கலந்தன, மேற்கே புழுதியில் கிடந்த விதைகள் மேல் தண்ணீர் விழுகிற வாசனை கிளம்பி வந்தது, வெள்ளத்தாய் நின்ற இடத்திலேயே நின்றபடி ஓவென்று அழுதாள். அந்த இரைச்சலுக்கு நடுவே செல்லக்கனிக்குப் பின்னங்காலால் ஈரமண்ணைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் குளிர்ந்த மூக்கு ஒன்று அவள் உள்ளங்கையில் முட்டியது. அவள் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். வயிறு தளர்ந்து, பழையபடி நாய் வயிறாக இருந்தது.

"போயிட்டாம்ட்டி," என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

வட்டம் கலைய ஆரம்பித்தது. அப்போது எஸ்தர், திரும்பாமலே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"யாரும் திரும்பாதிய. ஊரே மறப்பு நிக்குது, இப்படி இன்னொரு நாளு கெடைக்குமா? நானும் போயிட்டு வந்துருதேன்."

ஊர் திரும்பவில்லை. மழையில் நனைந்தபடி, மேற்கே பார்த்தவர்கள் மேற்கே பார்த்தபடியும் கிழக்கே பார்த்தவர்கள் கிழக்கே பார்த்தபடியும் நின்றார்கள். எஸ்தர் வந்து தோளைத் தொட, அடுத்தவள் போனாள், அவளுக்குப் பிறகு அடுத்தவள். காலையிலிருந்து அடக்கியவர்கள் போனார்கள், பருவம் முழுக்க அடக்கியவர்கள் போனார்கள், அவசரமே இல்லாதவர்களும் ஒரு தரம் போய்ப் பார்த்தார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. சூசையின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அவர் கண் முன்னால் அம்பாரங்கள் முதலில் கூர் மழுங்கி, பிறகு தோள் சரிந்து, பிறகு பாலாறாக ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

"முடிஞ்சுதாம்மா?" என்று அவர் வெகு நேரத்துக்குப் பிறகு, திரும்பாமல், மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

கடைசியாகப் போன செல்லக்கனி எழுந்து, சேலையை உதறிக் கட்டி, வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் துரையின் காதுகளைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்ல அண்ணாச்சி," என்றாள். "நில்லுங்க."